கோர் கூட்டியும் குவெரி வேகம் கூடவில்லையா? டேட்டாபேஸ் கேஷைப் பல கோர் சர்வருக்கு ஏற்றபடி சீர்செய்ய ஒரு முழு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடிவாளாவில் சேலம், மதுரை, திருநெல்வேலி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டிக்கெட் தளங்களின் டேட்டாபேஸுக்கு எப்போது மூச்சு முட்டும் என்று. தீபாவளி நெருங்கும்போது, '16 கோர் பத்தாது, 64-க்குப் போயிடலாம்' என்று முடிவாகும். பில் நான்கு மடங்காகும். செகண்டுக்கு முடிகிற குவெரிகள் மட்டும் அந்த வேகத்தில் ஏறாது. சில சமயம் இறங்கவும் செய்யும். "டேட்டா முழுக்க ரேம்லதானே இருக்கு, டிஸ்க் பக்கமே போகலையே, அப்புறம் என்ன?" என்று மேனேஜர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

பெங்களூரில் ரிங் ரோடு பக்கமோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் நம் ஆட்கள் யாராவது என்னிடம் இதைக் கேட்டால் எந்த வரிசையில் சொல்வேனோ, அதே வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன். முக்கியமாக மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ். போகிற போக்கில் மெம்கேஷ்ட், ரெடிஸ் என்ற கேஷ் சர்வர்களும். செட்டிங் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதுகிறேன். கான்ஃபிக் ஃபைலில் சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் வரும். லினக்ஸ் சர்வரில் ரூட் அனுமதியும், உடைத்துப் பார்க்க ஒரு டெஸ்ட் மெஷினும் கையில் இருக்க வேண்டும்.

முதலில்: வாசிப்புக்குள் இத்தனை எழுத்தா?

டேட்டாபேஸ் டேட்டாவைக் கையாளும் துண்டுக்குப் பெயர் பேஜ்; அவற்றை ரேமில் எடுத்துவைக்கும் இடம் கேஷ். ஒரு பேஜ் கேஷில் இருக்கிறது, ஒரு குவெரி அதைப் படிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வாசிப்பு. உள்ளே என்ன நடக்கிறது? பேஜ் எங்கே இருக்கிறது என்று ஹாஷ் டேபிளில் தேட வேண்டும். தேடுகிற நேரத்தில் யாரும் அதைக் கலைக்காமலிருக்க ஒரு லாக், அதாவது பூட்டு. கிடைத்த பேஜை யாரும் வெளியே தள்ளிவிடாதபடி அதன் 'பின்' எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும். உள்ளே இருப்பதைப் படிக்க ஒரு ஷேர்டு லாக் (படிப்பவர்கள் பலர் ஒன்றாக நுழையலாம்). 'இது இப்போது பயன்பட்டது' என்று எல்ஆர்யூ பட்டியலில் (வெகுநேரம் தொடாததை முதலில் வெளியேற்ற வைத்திருக்கும் வரிசை) குறிக்க வேண்டும். முடித்ததும் லாக்கை விட்டு, எண்ணிக்கையில் ஒன்று கழிக்க வேண்டும்.

ஒரே ஒரு ஹிட்டுக்கு, அதாவது கேட்ட பேஜ் கேஷிலேயே கிடைப்பதற்கு, இத்தனை இடங்களில் நினைவகத்தில் எழுத வேண்டியிருக்கிறது. ஷேர்டு லாக் மட்டும் எழுத்தில்லாமல் நடந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணை மாற்றாமல் அதற்குள்ளும் நுழைய முடியாது.

இதன் விலை பிராசஸரில் தெரியும். எக்ஸ்86 சிப்களில் நினைவகம் 64 பைட் துண்டுகளாகக் கோர்களுக்கிடையே கைமாறுகிறது. இதைத்தான் கேஷ் லைன் என்கிறோம். ஒரு கோர் அந்த லைனில் எழுத வேண்டுமானால், மற்ற கோர்களிடம் இருக்கும் நகல்கள் எல்லாம் செல்லாதவையாக வேண்டும். 64 கோரும் ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தால் அந்த 64 பைட் கோர் விட்டுக் கோர் அலைந்துகொண்டே இருக்கும். கோருக்குள்ளேயே இருக்கும் எல்1 கேஷில் இருந்தால் ஒன்றிரண்டு நானோசெகண்டில் முடிகிற வேலை, பக்கத்து சாக்கெட்டிலிருந்து (இன்னொரு பிராசஸர் சிப்) லைன் வர வேண்டியிருந்தால் நூறு நானோசெகண்டு அளவுக்குப் போகும். ஓசூர் ரோட்டையும் ரிங் ரோட்டையும் எத்தனை லேன் அகலப்படுத்தினாலும் சில்க் போர்டு சந்திப்பில் நிற்பது நிற்பதுதான்; அதே நிலைமை.

1967-இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து வந்த கணக்கு இதற்கு அப்படியே பொருந்தும். வேலையில் 5 சதவீதம் ஒவ்வொருவராகத்தான் செய்ய முடியும் என்றால், 16 கோரில் சுமார் 9 மடங்கு வேகம் கிடைக்கும். 64 கோரில் சுமார் 15 மடங்கு. கோடி கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. அந்த 5 சதவீதத்தை 2 ஆக்கினால் அதே 64 கோரில் 28 மடங்கு. ஆக, கோருக்குச் செலவழிப்பதைவிட அந்தச் சதவீதத்தைக் குறைப்பதில்தான் ஆதாயம். நிஜத்தில் நிலைமை இதைவிட மோசம்: கோர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகச் செலவழிக்கும் நேரத்தை ஆம்டால் கணக்கு சேர்ப்பதில்லை. நீல் கன்தரின் அளவிடல் விதி அதையும் சேர்க்கிறது. ஒரு உச்சத்துக்குப் பிறகு வேகம் ஏன் இறங்குகிறது என்பதற்கு அதில்தான் விடை இருக்கிறது.

படி 1: நோய் இதுதானா என்று உறுதிப்படுத்துங்கள்

கேஷ் பற்றாமல் டிஸ்குக்குப் போகிற டேட்டாபேஸுக்கு இந்தக் கட்டுரை உதவாது. மைஎஸ்க்யூஎல், மரியாடிபியின் வழக்கமான சேமிப்பு எஞ்சின் இன்னோடிபி; அதன் பேஜ் கேஷுக்குப் பெயர் பஃபர் பூல். இன்னோடிபியில் 'பஃபர் பூல் ரீட் ரிக்வெஸ்ட்ஸ்', 'பஃபர் பூல் ரீட்ஸ்' என்று இரண்டு கவுன்டர்கள் உண்டு. முதலாவது கேஷிடம் கேட்டது, இரண்டாவது கேஷில் இல்லாமல் டிஸ்குக்குப் போனது. சர்வர் எழுந்த நாள் முதலான மொத்தத்தைப் பார்க்காதீர்கள். நெரிசல் நேரத்தில் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டாவது எண் கணிசமாக ஏறினால் முதலில் ரேம், இண்டெக்ஸ் பக்கம் போங்கள். போஸ்ட்கிரெஸில் பதிப்பு 16 முதல் பிஜி ஸ்டாட் ஐஓ என்ற வியூ இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

டேட்டா ரேமில்தான் இருக்கிறது என்று உறுதியானால், சிஸ்பெஞ்ச் என்ற லோடு சோதனைக் கருவியை எடுத்து ஓஎல்டிபி பாயின்ட் செலக்ட் சோதனையை (சாவியை வைத்து ஒரு வரியை மட்டும் படிப்பது) ஓட்டுங்கள். குறைந்தது 16 டேபிள்கள் இருக்கட்டும், மொத்த அளவு பஃபர் பூலுக்குள் அடங்கட்டும். த்ரெட் எண்ணிக்கை 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகி 128 வரை போகட்டும். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள் ஓட வேண்டும்; முதல் நிமிடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. சோதனையை ஓட்டும் மெஷின், டேட்டாபேஸ் மெஷினாக இருக்கக் கூடாது. இருந்தால் இருவரும் ஒரே கோருக்கு அடித்துக்கொள்வார்கள். அதேபோல் பெங்களூர் ஆபீஸ் லேப்டாப்பிலிருந்தும் ஓட்டக் கூடாது. பெங்களூரில் அமேசான் கிளவுடின் முழு ரீஜன் (டேட்டா சென்டர்த் தொகுதி) கிடையாது. உங்கள் சர்வர் 2016-இல் வந்த மும்பை ரீஜனிலோ 2022-இல் வந்த ஐதராபாத் ரீஜனிலோ இருக்கும். போய்வர ஆகும் மில்லிசெகண்டுகளில், நாம் தேடுகிற நானோசெகண்டு சண்டை கண்ணிலேயே படாது. அதே ரீஜனில், அதே ஜோனில் ஒரு மெஷின் எடுங்கள்.

த்ரெட் எண்ணிக்கைக்கு எதிரே வேகத்தை வரைந்து அந்தக் கிராஃபைப் பார்க்கும்போது கோர் எண்ணிக்கை என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கிளவுடில் இன்டெல் மெஷினில் 64 விசிபியு (கிளவுட் பில்லில் வரும் கோர் கணக்கு) என்றால் பெரும்பாலும் 32 கோர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைப்பர்த்ரெட். அமேசானின் சொந்தச் சிப்பான கிராவிட்டானில் ஒரு விசிபியு ஒரு முழுக் கோர். முதல் வகையில் 32-க்கு மேல் கோடு சாய்வது இயல்பு. அதற்குப் போய் லாக்கைத் திட்டக் கூடாது.

32-க்கு முன்பே கோடு படுத்துவிட்டாலோ, உச்சம் தொட்டுக் கீழே இறங்கினாலோ அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: எந்த லாக் என்று பெயர் சொல்ல வைக்கவும்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக கான்ஃபிக் ஃபைலைத் திறக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது 'பர்ஃப் டாப்' போடுங்கள்; சிபியு நேரம் எந்த ஃபங்ஷனில் போகிறது என்று காட்டும் லினக்ஸ் கட்டளை அது. திரையின் மேல் ஐந்து வரி போதும்.

மைஎஸ்க்யூஎல்லில் முதல் வரியில் 'யூடி டிலே' என்ற ஃபங்ஷன் உட்கார்ந்திருந்தால், உங்கள் கோர்கள் வேலை செய்யவில்லை, லாக்குக்காக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சிபியு 90 சதவீதம் என்று டாஷ்போர்டு காட்டுவதில் பெரும்பங்கு இந்தச் சுற்றல்தான். "சிபியு ஃபுல்லா இருக்கு, இன்னும் கோர் வேணும்" என்று சப்போர்ட் டிக்கெட் போடுகிற தம்பிகளுக்கு இந்த ஒரு வரியைக் காட்டினால் போதும்.

யாருக்காகச் சுற்றுகின்றன? 'ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்' போட்டு செமஃபோர்ஸ் பகுதிக்குப் போங்கள். காத்திருக்கும் த்ரெட்களுக்கு நேரே சோர்ஸ் ஃபைல் பெயரும் வரி எண்ணும் இருக்கும். 'பிடிஆர்0சீ' என்று தொடங்கினால் அடாப்டிவ் ஹாஷ் இண்டெக்ஸ் (படி 3-இல் வருகிறது). 'பஃப்0பஃப்' என்றால் பஃபர் பூல் பேஜ்கள். 'பஃப்0எல்ஆர்யூ' என்றால் எல்ஆர்யூ பட்டியல். சில செகண்டு இடைவெளியில் பத்து முறை எடுத்து, எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு தடவை எடுத்துவிட்டு முடிவுக்கு வருவது ஜோசியம். இன்னும் துல்லியம் வேண்டுமானால் பர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் லாக்) கணக்கை இயக்கலாம். அது இயல்பில் அணைந்திருக்கும், இயக்கினால் கொஞ்சம் வேகமும் போகும்.

போஸ்ட்கிரெஸில் பதிப்பு 9.6 முதல் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் 'வெயிட் இவன்ட்' பத்தி உண்டு. செகண்டுக்கு ஒருமுறை அதைச் சேகரித்து எண்ணுங்கள். 'பஃபர் மேப்பிங்' அதிகம் வந்தால் பேஜ்கள் கேஷுக்குள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. ஏனென்றால் புதுப் பேஜை நுழைக்கும்போதுதான் அந்த லாக்கைத் தனியுரிமையாகப் பிடிக்க வேண்டும். மருந்து பெரும்பாலும் ஷேர்டு பஃபர்ஸை, அதாவது போஸ்ட்கிரெஸின் பேஜ் கேஷை, பெரிதாக்குவதே. 'பஃபர் கன்டென்ட்' அதிகம் வந்தால் ஒரு குறிப்பிட்ட பேஜை எல்லோரும் மொய்க்கிறார்கள். படி 5-க்குப் போங்கள்.

வெயிட் இவன்ட் எதுவுமே தெரியாமல் சிபியு மட்டும் எரிவதும் உண்டு. 'பின்' எண்ணிக்கையை மாற்றுவது 9.6 முதல் லாக் இல்லாமல், அடாமிக் கட்டளையால் (இடையில் யாரும் குறுக்கிட முடியாத ஒற்றைப் பிராசஸர் கட்டளை) நடக்கிறது. லாக் இல்லையென்றால் காத்திருப்பு என்று பதிவும் ஆகாது. கேஷ் லைன் மட்டும் அலையும். அப்போது பர்ஃபில் 'பின் பஃபர்', 'எல்டபிள்யூலாக் அட்டெம்ப்ட் லாக்' என்ற பெயர்கள் மேலே வரும். டேட்டாபேஸ் தானே காட்டும் புள்ளிவிவரத்தை மட்டும் நம்பினால் இந்த வகை சிக்கவே சிக்காது. எந்தக் கேஷ் லைன் அலைகிறது என்று நினைவக முகவரியோடு பார்க்க 'பர்ஃப் சி2சி' இருக்கிறது; அதன் வெளியீட்டைப் படிக்கப் பொறுமை வேண்டும்.

படி 3: தேவையில்லாததை அணைத்துவிடுங்கள்

செலவே இல்லாத மருந்து இதுதான் என்பதால் முதலில் வைக்கிறேன்.

மைஎஸ்க்யூஎல் குவெரி கேஷ் என்று ஒன்று இருந்தது. ஒரே ஒரு பொது மியூடெக்ஸ். எல்லாக் குவெரியும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு டேபிளில் ஒரு வரி மாறினால் அந்த டேபிள் சம்பந்தப்பட்ட எல்லா முடிவுகளும் குப்பைக்குப் போகும். 5.7.20-இல் கைவிடப்போவதாக அறிவித்து 8.0-இல் எடுத்தே விட்டார்கள். மரியாடிபியில் இன்னும் இருக்கிறது. பழைய கான்ஃபிக் ஃபைலை வருஷக்கணக்காக நகலெடுத்து வந்திருந்தால் 'குவெரி கேஷ் டைப்', 'குவெரி கேஷ் சைஸ்' இரண்டும் சுழியமா என்று பாருங்கள். பல கோர் சர்வரில் இது ஓடிக்கொண்டிருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அடுத்தது அடாப்டிவ் ஹாஷ் இண்டெக்ஸ். அடிக்கடி தேடும் சாவிகளுக்கு இன்னோடிபி தானாகவே ஒரு ஹாஷ் கட்டிக்கொள்ளும். ஒரு காலத்தில் இதற்கு ஒற்றை லேட்ச் (உள்ளே பயன்படும் லாக்), 5.7-இல் 8 பகுதிகளாகப் பிரித்தார்கள். ஆனால் ஒரு இண்டெக்ஸ் முழுக்க ஒரே பகுதியில்தான் போய் விழும் என்பதால், உங்கள் லோடு ஒரே டேபிளின் மேல் குவிந்தால் பகுதிகளைக் கூட்டியும் பயனில்லை. இதை ஓடும்போதே அணைக்கலாம், ரீஸ்டார்ட் வேண்டாம். அணைத்துப் பாருங்கள், அளந்து பாருங்கள். மரியாடிபி 10.5 முதலும் மைஎஸ்க்யூஎல் 8.4 முதலும் இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள்.

படி 4: கேஷைத் துண்டு போடுங்கள், அளவோடு

ஒரு பெரிய கேஷை ஹாஷ் கணக்கில் பல சிறு கேஷ்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி லாக் கொடுப்பது பழைய உத்தி. போஸ்ட்கிரெஸ் 8.2-இல் ஒற்றை மேப்பிங் லாக்கை 16 ஆக உடைத்தது, 9.5-இல் 128 ஆக்கியது. இது சோர்ஸ் கோடிலேயே பதிந்த எண், கான்ஃபிக்கில் கிடையாது. மரியாடிபி 5.2, மைஐசாம் என்ற பழைய சேமிப்பு எஞ்சினின் கீ கேஷுக்கு 'கீ கேஷ் செக்மென்ட்ஸ்' கொடுத்தது. ராக்ஸ்டிபி என்ற சேமிப்பு எஞ்சினின் பிளாக் கேஷும் ஷார்டுகளாக, அதாவது துண்டுகளாகத்தான் இருக்கிறது. பழைய மைஐசாம் டேபிள்களோடு இன்னும் யாராவது இருந்தால் கீ கேஷைப் பிரிப்பதைவிட இன்னோடிபிக்கு மாறுவது நல்லது.

மைஎஸ்க்யூஎல்லில் இதற்கான செட்டிங் 'இன்னோடிபி பஃபர் பூல் இன்ஸ்டன்சஸ்'. 5.5-இல் வந்தது, 64 வரை வைக்கலாம். 8.0 வரை, பூல் 1 ஜிபி அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பு 8. ஒவ்வொரு துண்டுக்கும் சொந்தமாக எல்ஆர்யூ, ஃப்ரீ லிஸ்ட், ஃப்ளஷ் லிஸ்ட். மாற்றும்போது மனதில் வைக்க வேண்டியவை:

ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்தது 1 ஜிபியாவது விழட்டும். பூலின் மொத்த அளவு, சங்க் (பூலுக்கு ரேம் ஒதுக்கும் அலகு) அளவையும் துண்டு எண்ணிக்கையையும் பெருக்கி வருவதன் மடங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் சர்வரே மேலே தள்ளிக்கொள்ளும். 128 எம்பி சங்க், 16 துண்டு என்றால் 2 ஜிபி மடங்கு. 9 ஜிபி கேட்டால் 10 ஜிபி எடுத்துக்கொள்ளும். ரேமை விளிம்பு வரை கணக்குப் போட்டு வைத்திருந்தால் இந்த இடத்தில் உதைக்கும். மாறிய பேஜ்களை டிஸ்குக்கு எழுதும் 'பேஜ் கிளீனர்ஸ்' எண்ணிக்கையையும் துண்டுகளுக்குச் சமமாக வையுங்கள்.

மாற்றம் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகே அமலாகும். ரீஸ்டார்ட் என்றால் கேஷ் காலி. 5.7 முதல் மூடும்போது பேஜ் பட்டியலை எழுதிவைத்துத் திறக்கும்போது ஏற்றிக்கொள்ளும் வசதி தானாக இயங்குகிறது, ஆனால் 25 சதவீதம் மட்டும்தான் எழுதும். 'பஃபர் பூல் டம்ப் பிசிடி'யை முன்கூட்டியே கூட்டிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு பிஜி பிரீவார்ம் இருக்கிறது.

எத்தனை துண்டு? 8 இருந்தால் 16 முயன்று படி 1 சோதனையை மறுபடி ஓட்டுங்கள். அதற்கு மேல் கூட்டிப் பெரிய பலன் வருவது அபூர்வம். 8.0-இல் பஃபர் பூலின் ஒற்றை மியூடெக்ஸே வேலைவாரியாகப் பல மியூடெக்ஸ்களாக உடைக்கப்பட்டுவிட்டது, ஆகவே 5.6 காலத்து ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மரியாடிபி நேர் எதிராகவே போனது: 10.5-இல் இந்தச் செட்டிங்கைப் புறக்கணித்து ஒரே பூலுக்குத் திரும்பிவிட்டது. லாக்கைப் பிடித்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டால் துண்டு போடும் தேவையே குறைகிறது. அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

பக்கத்திலேயே இருக்கும் 'டேபிள் ஓப்பன் கேஷ் இன்ஸ்டன்சஸ்'ஸையும் ஒரு பார்வை பாருங்கள். 5.7 முதல் இயல்பு 16. பழைய கான்ஃபிக்கில் 1 என்று எழுதியிருந்தால் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

படி 5: சூடான பேஜ். இதற்குச் செட்டிங் கிடையாது

துண்டு போடுவது ஒரு நிபந்தனையில்தான் வேலை செய்யும்: லோடு பல பேஜ்களில் பரவியிருக்க வேண்டும். எல்லோரும் ஒரே பேஜைத் தொட்டால் 64 துண்டில் 63 சும்மா இருக்கும். இன்னோடிபி 16 கேபி பேஜ்கள் 64 சேர்ந்த 1 எம்பி தொகுதியை ஒரே துண்டில்தான் வைக்கிறது என்பதால் அடுத்தடுத்த பேஜ்களும் ஒன்றாகவே மாட்டும்.

டிக்கெட் தளத்தையே எடுத்துக்கொள்வோம். 'இன்று விற்ற மொத்த டிக்கெட்' என்று ஒரு டேபிளில் ஒரே வரி. ஒவ்வொரு புக்கிங்கும் அதில் ஒன்று கூட்டுகிறது. ஹோம்பேஜ் ஒவ்வொரு முறையும் அதைப் படிக்கிறது. சாதாரண நாளில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பண்டிகை புக்கிங் திறந்த நிமிடத்தில் சர்வரின் அத்தனை கோரும் அந்த ஒரு பேஜின் வாசலில் நிற்கும்.

செய்ய வேண்டியது டேபிள் வடிவத்தில். ஒரு வரிக்குப் பதில் 16 வரி வையுங்கள்; முதன்மைச் சாவி 0 முதல் 15 வரை. புக்கிங் வரும்போது கனெக்ஷன் எண்ணை 16-ஆல் வகுத்து மீதி வருகிற வரியில் கூட்டுங்கள். படிக்கும்போது 16 வரியின் கூட்டுத்தொகை. வரி லாக் சண்டை இதோடு போய்விடும். ஆனால் 16 குட்டி வரிகளும் ஒரே பேஜில்தான் இருக்கும், பேஜ் சண்டை தீராது. அதையும் தீர்க்க வேண்டுமென்றால் வரியை வேண்டுமென்றே பருமனாக்கலாம், அல்லது டேபிளைப் பார்ட்டிஷன் செய்து ஒவ்வொரு வரியும் தனிப் பேஜில் விழும்படி செய்யலாம். ஹோம்பேஜுக்கு அந்த எண் நொடிக்கு நொடி சரியாக இருக்க வேண்டுமா என்று ப்ராடக்ட் ஆளிடம் கேட்டுப் பாருங்கள். "அஞ்சு செகண்ட் பழசா இருந்தா பரவால்ல" என்றால் ஆப் சர்வரின் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸுக்கு வரவே வேண்டாம்.

இன்னொரு சூடான இடம் இண்டெக்ஸின் வேர்ப் பேஜ். எந்தத் தேடலும் வேரிலிருந்துதான் இறங்கும். பத்தாயிரம் வரியைச் சிறு டேபிளோடு நெஸ்டட் லூப்பில் (ஒவ்வொரு வரிக்கும் தனித் தேடல்) இணைக்கும் குவெரி, அந்தச் சிறு டேபிளின் வேரைப் பத்தாயிரம் முறை 'பின்' செய்து விடுவிக்கும். ஊர்ப் பெயர், பஸ் வகை போன்ற மாறாத குட்டி டேபிள்கள்தான் இதில் பெரும் குற்றவாளிகள். அவற்றை ஆப் பக்கம் ஏற்றிவைத்துக்கொண்டு ஜாயினிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது ஹாஷ் ஜாயினுக்குப் போகும்படி குவெரியை எழுதுங்கள். மைஎஸ்க்யூஎல்லுக்கு ஹாஷ் ஜாயின் 8.0.18-இல் வந்தது.

ஏறுவரிசை எண்ணைச் சாவியாக வைத்து எல்லோரும் இன்சர்ட் செய்யும்போது வலக்கோடி இலைப் பேஜ், அதாவது இண்டெக்ஸின் கடைசிப் பேஜ், சூடாகும். ஹாஷ் பார்ட்டிஷன் உதவும். முழுக்கத் தாறுமாறான யூயூஐடிக்கு (வரிசையில்லாத நீள அடையாள எண்) மட்டும் தாவிவிடாதீர்கள்; சூடு தணியும், ஆனால் கேஷுக்குள் இருக்க வேண்டிய பேஜ்களின் எண்ணிக்கை ஏறிவிடும்.

படி 6: ஹிட்டின்போது எழுதுவதைக் குறைப்பது

சுத்தமான எல்ஆர்யூவில் ஒவ்வொரு ஹிட்டிலும் பேஜைப் பட்டியலின் தலைக்கு நகர்த்த வேண்டும். அதற்கு லாக் கட்டாயம். அதனால் நடைமுறையில் யாரும் சுத்தமான எல்ஆர்யூ வைப்பதில்லை. இன்னோடிபி, தலைக்கு அருகிலேயே இருக்கும் பேஜை நகர்த்துவதில்லை. புதுப் பேஜை நேராகத் தலையில் வைக்காமல், வாலிலிருந்து எட்டில் மூன்று பங்கு தூரத்தில் நுழைக்கிறது. 'ஓல்டு பிளாக்ஸ் டைம்' சொல்லும் 1000 மில்லிசெகண்டு கழிந்தபின் மறுபடி தொட்டால்தான் தலைக்குப் போகும். இரவு ரிப்போர்ட்டுக்காக முழு டேபிளையும் ஸ்கேன் செய்தாலும் சூடான பேஜ்கள் தப்பிப்பது இதனால்தான். இந்த எண்ணைச் சுழியமாக்கி வைத்திருந்தால் திருப்பி வையுங்கள்.

போஸ்ட்கிரெஸ் 8.1-இலேயே கிளாக் முறைக்குப் போய்விட்டது. ஹிட் ஆனால் பயன்பாட்டு எண்ணில் ஒன்று கூடும், அதுவும் 5 வரைதான். பட்டியலும் இல்லை, நகர்த்தலும் இல்லை. ஷேர்டு பஃபர்ஸில் கால் பங்கைத் தாண்டும் டேபிளை ஸ்கேன் செய்யும்போது 256 கேபி வளையத்துக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். மெம்கேஷ்டில், ஒரு ஐட்டத்தை 60 செகண்டுக்குள் மறுபடி தொட்டால் எல்ஆர்யூவில் நகர்த்துவதில்லை. சின்னத் தந்திரம்தான், ஆனால் லாக் பக்கம் போகிற கூட்டத்தை அடியோடு குறைக்கிறது.

சர்வீசுக்குள் சொந்தமாக கேஷ் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 2023-இல் வந்த எஸ்3 ஃபிஃபோ, 2024-இல் வந்த சீவ் இரண்டும் ஹிட்டின்போது எதையும் நகர்த்தாத, ஒரு சிறு குறி மட்டும் இடுகிற முறைகள். நூறு வரிக்குள் எழுதிவிடலாம். குறி ஏற்கெனவே இருந்தால் மறுபடி எழுதாதீர்கள்: படித்துப் பார்த்து, இல்லையென்றால் மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு ஷார்டின் லாக்கையும் ஹிட், மிஸ் கவுன்டர்களையும் தனித்தனி 64 பைட் எல்லையில் வையுங்கள். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், வெவ்வேறு கவுன்டரைத் தொடும் கோர்கள்கூட ஒன்றையொன்று இழுக்கும்.

படி 7: நியூமாவும் ஹியூஜ் பேஜும்

நியூமா என்றால் ரேம் பகுதி பகுதியாக (நோடு) வெவ்வேறு கோர்களுக்கு அருகில் இருக்கும் அமைப்பு. 'எல்எஸ்சிபியு' போட்டு நியூமா நோடு எத்தனை என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் நியூமா பகுதியைத் தாண்டிவிடலாம். இரண்டு சாக்கெட் என்றால் ரேமில் பாதி ஒரு சாக்கெட் பக்கம், மீதி இன்னொன்றின் பக்கம். ஏஎம்டி எபிக்கில் பயாஸ் அமைப்பைப் பொறுத்து ஒரே சாக்கெட்டுக்குள்ளேயே நான்கு நோடு தெரியலாம்.

லினக்ஸ் இயல்பாக, கேட்ட கோருக்கு அருகிலிருக்கும் ரேமைத்தான் கொடுக்கும். எல்லாக் கோரும் பொதுவாகப் பயன்படுத்தும் பெரிய பஃபர் பூலுக்கு இது ஒத்துவராது: ஒரு நோடு நிரம்பி, மற்றதில் இடம் இருக்கும்போதே ஸ்வாப் தொடங்கும் விநோதத்தைப் பழைய மைஎஸ்க்யூஎல் ஆட்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 'இன்னோடிபி நியூமா இன்டர்லீவ்' ஆன் செய்தால் பூலின் பேஜ்கள் எல்லா நோடிலும் சமமாகப் பரவும். போஸ்ட்கிரெஸை 'நியூமாசிடிஎல்' கொண்டு இன்டர்லீவ் ஆலோடு துவக்கலாம். 'ஜோன் ரிக்ளெய்ம் மோடு' சுழியமாக இருக்கட்டும்.

ஹியூஜ் பேஜ் போஸ்ட்கிரெஸுக்கு மிக முக்கியம். இங்கே பேஜ் என்பது டேட்டாபேஸ் பேஜ் அல்ல, ஆப்பரேட்டிங் சிஸ்டம் ரேமைப் பிரிக்கும் துண்டு; எது எங்கே என்ற பட்டியல்தான் பேஜ் டேபிள். கணக்கைப் பாருங்கள். 64 ஜிபி ஷேர்டு பஃபர்ஸ், 4 கேபி பேஜ் என்றால் சுமார் 1.68 கோடி பேஜ்கள். ஒவ்வொன்றுக்கும் பேஜ் டேபிளில் 8 பைட். மொத்தம் 128 எம்பி. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் தனி ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பேஜ் டேபிள். முழு கேஷையும் தொட்ட 500 கனெக்ஷன் இருந்தால் பேஜ் டேபிளுக்கு மட்டுமே ஏறக்குறைய 64 ஜிபி. கேஷ் எவ்வளவோ அவ்வளவு! 2 எம்பி ஹியூஜ் பேஜில் அதே கணக்கு ஒரு ப்ராசஸுக்கு 256 கேபி.

'ஹியூஜ் பேஜஸ்' செட்டிங்கின் இயல்பு 'ட்ரை'. கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் சாதாரணப் பேஜுக்குப் போய்விடும். 'ஆன்' என்று வையுங்கள். கிடைக்காவிட்டால் சர்வர் எழவே எழாது, உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும். எத்தனை பேஜ் ஒதுக்க வேண்டும் என்பதைப் பதிப்பு 15 முதல் சர்வரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் வேறு சமாச்சாரம்; டேட்டாபேஸ் மெஷினில் அதை அணைப்பதுதான் வழக்கம்.

படி 8: உள்ளே வரும் கூட்டத்தைக் கட்டுப்படுத்துங்கள்

64 கோருக்கு 2000 கனெக்ஷன் ஒரே சமயத்தில் ஓடினால் எந்த லாக்கும் தாங்காது. லாக் பிடித்த த்ரெட்டையே கெர்னல் ஓரமாக நிறுத்திவிட்டு வேறொன்றை ஓட்டும். மீதிப் பேர் காத்திருப்பார்கள். வரும் கனெக்ஷன்களை முன்னால் நின்று அளவோடு உள்ளே விட போஸ்ட்கிரெஸுக்கு பிஜிபவுன்சர், மைஎஸ்க்யூஎல்லுக்கு ப்ராக்ஸிஎஸ்க்யூஎல். மரியாடிபியிலும் பெர்கோனாவிலும் (மைஎஸ்க்யூஎல்லின் இன்னொரு வடிவம்) த்ரெட் பூல் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே சமயத்தில் ஓடும் குவெரிகளைக் கோர் எண்ணிக்கையில் ஒன்றிலிருந்து இரண்டு மடங்குக்குள் வைத்துத் தொடங்குங்கள்.

இன்டெல் மெஷினில் 'யூடி டிலே' இன்னும் குறையவில்லையென்றால் ஒரு கடைசிச் சந்தேகம். லாக்குக்காகச் சுற்றும்போது பயன்படும் 'பாஸ்' கட்டளை பழைய சிப்களில் சுமார் 10 சுழற்சி எடுத்தது. ஸ்கைலேக்கில் அதை சுமார் 140 ஆக்கிவிட்டார்கள். பழைய சிப்பை மனதில் வைத்து எழுதிய காத்திருப்பு, புது மெஷினில் பல மடங்கு நீண்டது. இதற்காகவே மைஎஸ்க்யூஎல் 8.0.16-இல் 'ஸ்பின் வெயிட் பாஸ் மல்டிப்ளையர்' வந்தது, இயல்பு 50. ஸ்கைலேக்கிலும் அதற்குப் பிந்தைய சிப்பிலும் 5-க்கு இறக்கிச் சோதியுங்கள். ஓடும்போதே மாற்றலாம்.

ரெடிஸ் பற்றிச் சுருக்கமாக: கட்டளைகளை ஒரே த்ரெட்தான் நிறைவேற்றுகிறது. 6.0 முதல் நெட்வொர்க் வேலையை மட்டும் பல த்ரெட்டுக்குப் பிரிக்கலாம். 64 கோர் மெஷினில் ஒரு ரெடிஸ் ஓட்டுவது வீண். பல இன்ஸ்டன்ஸாக, கிளஸ்டராக ஓட்டுங்கள். மெம்கேஷ்ட் பல த்ரெட் கொண்டது, ஆனால் கேட்காவிட்டால் 4 த்ரெட்தான் தொடங்கும்.

படி 9: ஒவ்வொன்றாக மாற்றி, மறுபடி அளக்கவும்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொன்றுக்கும் படி 1-இன் அதே சோதனை, அதே த்ரெட் வரிசை. சராசரியைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் பி99 தாமதத்தையும் (நூற்றில் 99 குவெரிகள் எத்தனை நேரத்துக்குள் முடிகின்றன) பாருங்கள். லாக் சண்டை முதலில் அங்கேதான் தலைகாட்டும். ஒரு லாக் இறங்கினால் அடுத்தது மேலே வரும், அதனால் படி 2-ஐயும் மறுபடி ஓட்ட வேண்டும். சிஸ்பெஞ்சில் வந்த லாபம் சொந்த லோடில் வராமலும் போகலாம்; ப்ரொடக்ஷனில் ஒரு ரெப்ளிகாவில் (நகல் சர்வர்) மட்டும் மாற்றி, ஒரு வெள்ளிக்கிழமை நெரிசலைத் தாண்டவிட்டு, பிறகு பிரைமரிக்குப் போங்கள்.

பதிப்பு மாற்றும்போதும் இதே கிராஃப் வேண்டும். 2024-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.4, இந்தக் கட்டுரையில் பேசிய இயல்புகளில் பலவற்றை மாற்றிவிட்டது: அடாப்டிவ் ஹாஷ் அணைந்துவிட்டது, நியூமா இன்டர்லீவ் ஆன் ஆகிவிட்டது, துண்டு எண்ணிக்கை கோர்களையும் பூல் அளவையும் பார்த்துத் தானே முடிவாகிறது. 5.7 காலத்துக் கான்ஃபிக் ஃபைலை அப்படியே தூக்கிக்கொண்டு போனால், அதில் எழுதிவைத்த செட்டிங்குகளுக்கு இந்தப் புது இயல்புகள் உங்களுக்குக் கிடைக்காது. அப்கிரேடுக்கு முன் அந்த ஃபைலில் கேஷ் சம்பந்தப்பட்ட வரிகளை எல்லாம் கமென்ட் செய்துவிட்டு ஒரு தடவை சோதனை ஓட்டுங்கள். பிறகு எந்த வரி உண்மையிலேயே தேவை என்று ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள்.